கம்பி முறுக்க நின்ற நேரம்

நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும். அதற்கு மேல் படித்ததெல்லாம் தென்னை மரத்து உச்சியில். குழாய் ஸ்பீக்கரை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவேன். இறங்கும்போது ஏதாவது ஒன்று கற்றுக்கொண்டு இறங்குவேன். இன்றைக்கு மணப்பாறையைச் சுற்றி எந்த ஊர்த் திருவிழாவானாலும் என் மைக்செட் வந்து சேராமல் சாமி புறப்படாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நானே ஏறி, நானே கட்டி, நானே சம்பாதித்த பெருமை. அதை நான் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்?

அப்படிப்பட்டவன் அறுபத்தேழு வயதில், புதுக் கித்தார் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, பதுளைக்குப் போகிற ரயிலில் கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். காரணம் ஒரு பாட்டு.

என் கடையில் ஒயர் சுற்றுகிற ஆள் ஒரு நாள் செல்போனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தான். இலங்கையில் ஏதோ தேயிலைத் தோட்டத்தில் பந்தாட்டம். ஜெயித்தவர்கள் கோப்பையைத் தூக்கி நிற்கிறார்கள். குதிக்கவில்லை, மேளம் அடிக்கவில்லை. தோளோடு தோள் சேர்ந்து நின்று மெதுவாக, ரொம்ப மெதுவாக ஒரு பாட்டைப் பாடுகிறார்கள்.

மலையே கொஞ்சம் நில்லு, மொகம் பாத்துக்கிறேன்
பனியே கொஞ்சம் ஒதுங்கு, வழி பாத்துக்கிறேன்

அதோடு படம் முடிந்துவிட்டது. எடுத்தவன் கை ஆடி, வானத்தைக் காட்டி, நிறுத்திவிட்டான். என் கையில் இருந்த டீ சட்டையில் கொட்டியது எனக்குத் தெரியவில்லை.

"அது என் பாட்டுடா" என்றேன். ஆள் சிரித்தான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "ஆமா, காலையில அஞ்சு மணிக்குக் கோயில்ல போட்டு ஊரையே எழுப்புறீங்களே, அதெல்லாம் உங்க பாட்டுதான்" என்றாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்தப் பாட்டைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அங்கே தோட்டத்தில் என்னோடு வளர்ந்த அந்தோணி இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. பாட்டு இருக்கிறதென்றால் அந்தோணியும் இருக்கிறான். என் கணக்கு அவ்வளவுதான். திருச்சிக்குப் போய்க் கடையில் இருந்ததிலேயே நல்ல கித்தாராக ஒன்று வாங்கினேன். அவனைப் பார்க்க வேண்டும், அந்தப் பாட்டை மலையில் நின்று ஒரு தடவை கேட்க வேண்டும். வேறு எதற்காகவும் நான் கடல் தாண்டவில்லை.

ரயிலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். நான் சின்ன வயதில் இப்படித் தொங்கி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். இப்போது அதற்கு டிக்கெட் வாங்கி வருகிறார்கள். பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா என் கித்தாரைப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: "பாவம், இந்த வயதிலும் ரயிலில் பாடித்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. இறங்கும்போது ஏதாவது கொடு." எனக்குச் சிங்களம் மறக்கவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? மணிக்கட்டைத் திருப்பி என் கடிகாரத்தை நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

ஜன்னலோரம் இருந்த ஒரு ஹாஜியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருப்பவர்.

"மியூசிக் கோஷ்டியா நீங்க?"

"இல்லைங்க. இந்தியாவிலிருந்து வர்றேன். பொறந்தது ஸ்பிரிங்வெளித் தோட்டம்."

"அட, நம்மட ஆள்! அத மொதல்ல செல்ல வேணாமா?" என்று நகர்ந்து பாதி சீட்டைக் கொடுத்தார். கூடைக்காரரிடம் இறால் வடை வாங்கினார். பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். என் வடையைச் சுற்றிய தாளில் ஒரு பிள்ளை பத்துக்கு நாலு வாங்கியிருந்தது. எனக்குச் சொந்தக்காரப் பிள்ளையாக இருக்கும். எங்கள் பக்கம் வடை என்றால் உளுந்து, கடலை. இது பருப்பின் மேல் ஒரு முழு இறால் கால் நீட்டிப் படுத்திருக்கிற வடை. மூன்று தின்றேன்.

பாட்டைப் பற்றிக் கேட்டதும் ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. "வார ஞாயித்துக்கெழம பைனல் இரிக்கி. ஸ்பிரிங்வெளிக்கும் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துக்கும். ரெண்டு கோஷ்டிக்கும் ஆட்டச் சட்டை, ஜேசி, எங்கட கடையிலதான்."

"அந்தப் பாட்டை ஒரு தடவை பாடுங்களேன் ஹாஜியார்."

"தவ்பா! வாயில எடுக்கப்படாது. ஜெயிச்ச பொறகு, கிரவுண்டுல மட்டுந்தான். சும்மா பாடினா அடுத்த வருஷம் கப் இல்லண்டு செல்வாங்க. எங்கட கடையில ஒத்தன் துணி மடிக்கக்குள்ள முணுமுணுத்துட்டான். ரெண்டு பேர் ஏறி வந்து ஜேசி ஓடரையே திருப்பிக் கேட்டாங்க."

என் பாட்டை என் காதில் போட இத்தனை சட்டம்! சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பயமும் வந்தது. ஞாயிறு ஆட்டம். திங்கட்கிழமை காலையில் நான் ரயிலேற வேண்டும்.

பதுளையில் கடைத்தெரு பெருத்திருக்கிறது. நான் இந்தியாவுக்குப் போனபோது இருந்த ஓட்டுக் கூரைகளைக் காணோம். சாயங்காலம் ஒரு கடையில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் சாப்பிட்டேன். சம்பல் மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்கியது. குடிக்க வெறும் சாயத் தண்ணி, பக்கத்தில் சீனி. மணப்பாறையில் டீ என்றால் பால். அதில் தேயிலை பேருக்குத்தான். இங்கே கொஞ்சம் சீனியை உள்ளங்கையில் போட்டு நக்கிக்கொண்டே சாயத்தைக் குடித்தேன். கடைக்காரர், "ஐயா தோட்டமா?" என்று கேட்டார். காரிலேயே போய்ப் பழகினாலும் நக்குகிற பழக்கம் போகவில்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் ஒரு த்ரீவீல் பிடித்தேன். ஓட்டியவர் பெயர் ரவி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்பிரிங்வெளியில் நான் பிறந்த கீழ்க்கணக்கிலேயே குடியிருப்பவர். ஒரு தோட்டத்தைப் பல கணக்குகளாகப் பிரித்திருப்பார்கள். எங்கள் கணக்குதான் பந்தாட்டத்தில் பேர் போனது.

"பாட்டு தெரியுமா ரவி?"

"தெரியாம இருக்குமாங்க? பாடத்தான் மாட்டேன். நாளைக்குப் பைனலு."

மூன்றாவது ஏற்றத்தில் வண்டி இருமி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினேன். வெள்ளை வேட்டி, தோல் செருப்பு.

"ஐயா, தள்ளுறீங்களா, சும்மா சாஞ்சுக்கிட்டு வர்றீங்களா?"

"எட்டு ஆள் தூக்குற ஸ்பீக்கரைத் தனி ஆளாத் தள்ளினவன்டா நான்!"

"அப்ப அந்த ஸ்பீக்கருக்கு எஞ்சின் இருந்திருக்கும்ங்க."

கடைசி அரை மைல் கித்தார் சீட்டில் உட்கார்ந்து வந்தது. நான் நடந்து வந்தேன்.

நடந்ததும் நல்லதுதான். தொழிற்சாலைக்குப் பின்னால் டீமேக்கர் பங்களா அப்படியே இருந்தது. எங்கள் காலத்தில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கராக ஒரு பறங்கிக்காரர் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் இங்கிலீஷ் ரெக்கார்டு போடுவார். அதில் ஒரு வகைப் பாட்டு உண்டு. அழப் போகிற மாதிரி மெதுவாகத் தொடங்கும். அப்புறம் கித்தார் ஒவ்வொரு படியாக ஏறும். முடியும்போது கையில் மயிர் எல்லாம் நின்றுவிடும். ஒரு வார்த்தை புரியாது. நானும் அந்தோணியும் ஜன்னலுக்குக் கீழே குரோட்டன் செடிக்குள் ஒளிந்து உட்கார்ந்து கேட்போம். "இதே மாதிரி தமிழ்ல ஒண்ணு செய்யணும்டா சம்முகம்" என்றான்.

பாட அவன் இருந்தான். கித்தார்? அதை நான் செய்தேன். தேயிலை அனுப்புகிற பெட்டியின் பலகையில் உடம்பு. கொய்யாக் கட்டையில் கழுத்தும் திருகாணியும். சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து நரம்பு. இந்த மலை நாட்டிலேயே பெட்டிப் பலகையில் கித்தார் செய்த முதல் ஆள் நான்தான். இல்லை என்பவன் முன்னால் வரட்டும். ஒரே ஒரு குறை. கொய்யாத் திருகாணி பிடித்து நிற்காது. ரெண்டு வரி வாசித்தால் கம்பி தொய்ந்துவிடும். ரெண்டு வரிக்கு ஒரு தடவை நான் நிறுத்தி, இடது கையால் திருகாணியை முறுக்கி, தட்டிப் பார்த்து, தலையாட்ட வேண்டும். நான் தலையாட்டினால்தான் அந்தோணி அடுத்த வரிக்குப் போவான்.

அவன் ஆட்களைப் பார்த்துப் பாடுகிறவன் இல்லை. ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் எதிரே நின்று என்னைப் பார்த்துத்தான் பாடுவான். நான் முறுக்கும்போது அவனும் கையைத் தூக்கிக் காற்றில் முறுக்கிக் காட்டிக் கிண்டல் பண்ணுவான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி ஆட்களைப் பிரித்து, எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு இந்தியா என்று எழுதினார்கள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகள். ஒரே சுவரில் சாய்ந்து தூங்கியவர்களில் இந்தப் பக்கம் இருந்தவன் இங்கே, அந்தப் பக்கம் இருந்தவன் அங்கே. நான் அங்கே. அந்தோணி இங்கே. ரயிலேறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோப்பைக்கான ஆட்டம். எங்கள் பதினோரு பேரில் ஏழு பேர் போகிறவர்கள். ஜெயித்தோம். கோப்பையைத் தூக்கிவிட்டு எல்லோரும் சும்மா நின்றார்கள். ஒருத்தன் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. அப்போது அந்தோணி என் எதிரே வந்து நின்று தொடங்கினான். மலையே கொஞ்சம் நில்லு. பனியே கொஞ்சம் ஒதுங்கு. நான் கம்பியை முறுக்கினேன். தலையாட்டினேன்.

வெட்டி விட்ட செடி நாங்க, வேரு இன்னும் மண்ணுல
வெயில் வந்த நாளையில கொழுந்தாகி நிப்போம்

தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு தடவை மொட்டையாக வெட்டிவிடுவார்கள். கவ்வாத்து என்று பெயர். செத்தது போல நிற்கும். கொஞ்ச நாளில் குப்பென்று துளிர்க்கும். அன்றைக்கு மைதானத்தில் எல்லோரும் அந்த வரியைக் கத்திப் பாடினார்கள்.

புதன்கிழமை கோச்சி ஏறினேன். ரயிலைத் தோட்டத்தில் கோச்சி என்றுதான் சொல்வோம். கித்தாரை அவன் கையில் கொடுத்தேன். "போனதும் கடுதாசி போடு" என்றான். "போடுறேன்" என்றேன்.

போடவில்லை. கடல் தாண்டி இறங்கிய மண்டபம் முகாமிலிருந்து ரோடு போடுகிற வேலைக்குப் போனேன். தார் டின் சுமந்தேன். என்ன எழுதுவது? கொஞ்சம் நல்லா வந்த பிறகு எழுதலாம் என்று வைத்தேன். நல்லா வந்த பிறகு இத்தனை நாள் எழுதாததற்கு என்ன சொல்வது என்று வெட்கம். இப்படியே நாற்பத்தெட்டு வருஷம் போய்விட்டது.

கீழ்க்கணக்கு லயத்தில் ஒரு வயசான அம்மா பீலியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தார். மலை ஊற்றிலிருந்து தண்ணீர் கொட்டுகிற குழாயைத்தான் பீலி என்பார்கள். கையால் புகையிலை மடித்து வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"யாரைத் தேடுறீங்க?"

"அந்தோணி வீடு."

"எந்த அந்தோணி? இங்க மூணு அந்தோணி இருக்கான்."

"பாட்டுக்கார அந்தோணி."

வாளி நிரம்பி வழிந்தது. அவர் கவனிக்கவில்லை. "அது செத்து எட்டு வருஷமாச்சு. நீங்க யாரு?"

 தோளில் இருந்த பையை இறக்கினேன். அதன் உருவத்தைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தை.

"பெட்டிக் கித்தாரு சம்முகமாடா நீ?"

அவர் அந்தோணியின் அக்கா பிலோமினா. என்னைவிட அஞ்சு வயது மூப்பு. சின்ன வயதில் என் காதைத் திருகிய கை அதுதான்.

"ஏன்டா, இந்தத் தபால்காரன் நாப்பத்தெட்டு வருசமா எங்க சுத்திக்கிட்டு இருந்தான்? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

உள்ளே உட்கார வைத்தார். தேங்காய் ரொட்டி சுட்டார். அடுப்பு அதே மூலையில். சுவரில் அந்தோணியின் படம்; தலை நரைத்து, கன்னம் ஒட்டி, யாரோ ஒரு கிழவன். எனக்குத் தெரிந்த அந்தோணியைக் காணோம்.

"தபால்கார ஐயா லயத்துக்கு வந்தா தம்பி எழுந்து நிக்கும். ரெண்டு மூணு வருசம் அப்பிடி. ஒரு நாள் எழுந்துக்கல. நானும் ஒண்ணும் கேக்கல."

"நான் எழுதலாம்னுதான்..."

"சாப்புடு. ரொட்டி ஆறுது."

சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்து, பழைய கித்தார் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுவா? ஒரு மழையில வெறகெல்லாம் நனைஞ்சு போச்சு. தம்பி பொஞ்சாதிக்கு இடுப்பு வலி. சுடுதண்ணி வேணும். தம்பியேதான் எடுத்து ஒடச்சுச்சு. பொட்டிப் பலகையில்ல, நல்லா எரிஞ்சுச்சு. ஆம்பளப் புள்ள." அடுப்பைப் பார்த்தபடி, "அழுதுகிட்டேதான் ஒடச்சுச்சு" என்றார்.

புதுக் கித்தாரைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை மடியில் வைத்து, ஒரு திருகாணியைத் திருப்பிப் பார்த்தார். விட்டுப் பார்த்தார்.

"இது வச்ச எடத்துல நிக்குதே."

"நிக்கும்க்கா. எவ்வளவு நேரம் வாசிச்சாலும் தொய்யாது."

"அப்ப பாட்ட எங்க நிறுத்துறது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்குப் புரியவில்லை. "சரி, வச்சிட்டுப் போ. அடுத்த மழைக்கு ஆகும்."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, நாளைக்கு மேட்ச்ல எல்லாரும் இருப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். இது நான் போட்ட பாட்டுன்னு."

"நீயா போட்டே?" அக்கா கோபப்படவில்லை. "வார்த்தை எங்க தம்பி. ராகம் எங்க தம்பி. நீ கம்பி முறுக்கினே."

  அது நிஜம்.

சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். எங்கள் அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. கேப்டன் குமார், தொழிற்சாலையில் வேலை. அவனிடம் என் பாணியில் பேசினேன். அணி முழுக்கப் புது ஜேசி, பூட்ஸ், மைதானத்துக்கு ஒரு செட் ஸ்பீக்கர், எல்லாம் என் செலவு. இப்போதே ஒரு தடவை, எல்லோரும் நின்று பாடிக் காட்டினால் போதும்.

குமார் மரியாதையாகத்தான் சொன்னான். "ஐயா, பூட்ஸ் குடுத்தா வாங்கிக்கிறோம். நெறைய பேருக்கு ஓட்டை. பாட்டு மட்டும் கேக்காதீங்க. ஜெயிச்சாத்தான்."

"நான் திங்கக்கிழமை போகணும் தம்பி. இந்த வயசுல இனி வருவேனான்னு தெரியாது."

"அப்ப நாளைக்கு நாங்க ஜெயிக்கணும்னு கும்பிட்டுக்குங்க."

பூட்ஸை ராத்திரியே வாங்கி அனுப்பச் சொல்லி ஹாஜியாருக்குப் போன் பண்ணினேன். கும்பிடவும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார். நான் முருகன் கோயிலில் தேங்காய் உடைத்தேன். ரவி ரெண்டு இடத்துக்கும் வந்தார். "எது வேல செய்யும்னு யாருக்குத் தெரியும்ங்க?"

மைதானம் ரெண்டு மலைச் சரிவுக்கு நடுவில் வெட்டிய சமதளம். எங்கள் ஆட்கள் இந்தச் சரிவில், ஹாலிஎலப் பக்கத்துக்காரர்கள் எதிர்ச் சரிவில். சத்தம் எழும்பி ரெண்டு பக்கமும் தட்டித் திரும்புகிற இடம். கம்பத்தில் கட்டியிருந்த ஒரே ஒரு ஸ்பீக்கர் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. தாங்க முடியவில்லை. போய் மைக்கை வாங்கி, ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நிறுத்தினேன். கத்தல் நின்றது. "யாரு இந்த ஐயா?" என்று கேட்டார்கள். சொல்ல எத்தனையோ இருந்தது. "சும்மா, சவுண்டுக்காரன்" என்றேன்.

பாதி ஆட்டம் முடிந்தது. யாரும் கோல் அடிக்கவில்லை. மறுபாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பனி இறங்கியது. முதலில் எதிர்ச் சரிவு போனது. அப்புறம் கோல் கம்பம். அப்புறம் ஆட்டக்காரர்கள். நடுவர் நிறுத்திவிட்டார்.

"ரொம்ப நேரம் இப்பிடியே இருந்தா அடுத்த ஞாயித்துக்கெழமதாங்க" என்றார் ரவி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மணப்பாறையில் ஒயர் சுற்றிக்கொண்டிருப்பேன். வெள்ளைப் புகைக்குள் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனியே கொஞ்சம் ஒதுங்கு. வாய்க்குள் வந்ததை விழுங்கினேன். சும்மா பாடக் கூடாது என்று எனக்கும் பயம் தொற்றியிருந்தது.

ஒதுங்கியது. ஆனால் முழுதாக இல்லை. கடைசி நேரத்தில் பனியின் ஓரத்திலிருந்து பந்து ஒன்று பறந்து வந்தது. எங்கள் கோல்கீப்பர் அதைப் பார்த்தபோது அது அவன் தலைக்குப் பின்னால் வலையில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் விசில். தோற்றுவிட்டோம்.

 குமார் சேற்றில் மண்டியிட்டிருந்தான், காலில் என் புது பூட்ஸ். நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அந்தோணியும் இல்லை, பாட்டும் இல்லை.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எங்க போறே?"

"முடிஞ்சு போச்சேக்கா."

"ஒக்காரு. இனிமேத்தான்."

எதிர்ச் சரிவில் ஒரு பெண் குரல் தொடங்கியது. மலையே கொஞ்சம் நில்லு. அப்புறம் பத்துக் குரல். அப்புறம் சரிவு முழுக்க.

"அக்கா, அது நம்ம பாட்டு! அவங்க எப்பிடிப் பாடலாம்?"

"நம்ம பொண்ணுங்களக் கட்டிக் குடுத்த எடமெல்லாம் பாட்டும் போயிருச்சு. ஜெயிச்சவன் பாடுவான். தோத்தவன் கேப்பான். வாய மூடிக்கிட்டுக் கேளு."

கேட்டேன். அவர்கள் பாடியது ஒரு கணம் தாமதமாக எங்களிடம் வந்தது. பாதி பனி தின்றது போக மீதி. ஆயிரம் திருவிழா பார்த்த காது இது. இப்படி ஒரு சத்தத்தை எந்த ஸ்பீக்கரிலும் நான் கொடுத்ததில்லை. பனியே கொஞ்சம் ஒதுங்கு, வழி பாத்துக்கிறேன்.

நின்றது.

கரண்ட் போய்விட்டது என்றுதான் என் தொழில் புத்தி முதலில் நினைத்தது. ஆனால் அங்கே கரண்டும் இல்லை, மைக்கும் இல்லை. ரெண்டு சரிவிலும் ஒரு மூச்சு இல்லை. எல்லோருடைய கையும் மேலே போனது. எதிர்ச் சரிவில் ஜெயித்தவர்கள் கை. இந்தச் சரிவில் தோற்றவர்கள் கை. சேற்றில் இருந்த குமாரின் கை, வலைக்குள் உட்கார்ந்து அழுத கோல்கீப்பரின் கை, பிலோமினா அக்காவின் கை. எல்லாக் கையும் காற்றில் எதையோ மெதுவாக முறுக்கின.

யாரும் சிரிக்கவில்லை.

எண்ணினேன். ஏழு. கொய்யாத் திருகாணிக்கு எனக்கு எடுத்த அதே ஏழு நொடி. அப்புறம் மலை இடிந்த மாதிரி வந்தது: வெட்டி விட்ட செடி நாங்க. வெயில் வந்த நாளையில. மறுபடியும் நின்றது.

என் இடது கை தானாக மேலே போயிருந்தது.

பக்கத்தில் ரவி, அழுத கண்ணோடு, தணிந்த குரலில் சொன்னார். "ஐயா, அந்தக் கை இல்லீங்க. சோத்துக் கை. பல்பு மாட்டுற மாதிரி திருகணும். தோத்தாலும் செய்யணும். அப்பிடித்தான் வழக்கம்."

எதற்கு இந்த வழக்கம் என்று நான் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. என் எதிரே நின்றவன் அந்தோணி. என் இடது கைக்கு நேராக இருந்தது அவனுடைய வலது கை. ஊர் பார்த்துப் பழகியது அந்தக் கையைத்தான்.

யார் சொல்லியும் நான் எதையும் மாற்றிக்கொண்ட ஆள் இல்லை. இடது கையை இறக்கினேன். வலது கையைத் தூக்கி முறுக்கினேன். முறுக்கி முடித்ததும், பழைய பழக்கத்தில், தலையாட்டினேன்.

எதிர்ச் சரிவில் அடுத்த வரி தொடங்கியது.